வளைவில் ஒரு வாசகம்



சென்ற திங்கள் சிற்றூர் ஒன்றில் கூட்டம் முடிந்து, இரவு ஒரு நண்பர் இல்லத்தில் தங்கினேன். அவருடைய மகள் அமெரிக்காவில் பணியாற்றுகிறாள். விடுமுறையில் கணவனோடும் குழந்தையோடும் அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவந்து, படங்களைக் கைப்பேசி வழியே தந்தைக்கு அனுப்பியிருந்தாள். பெற்றவருக்கு இருக்கும் பெருமையோடு ஒவ்வொன்றாகக் காட்டிவந்தார் நண்பர். மலை கண்டேன், மடு கண்டேன், பனி மூடிய முடிகள் கண்டேன். விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு படத்தில் நிறுத்தச் சொன்னேன்.

கல்லால் எழுப்பிய வளைவு அது. ஐம்பது அடி உயரம். அதன் கீழே எறும்புபோல நின்று சிரிக்கிறாள் அந்தக் குழந்தை. வளைவின் நெற்றியிலே எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: மக்களின் நன்மைக்காக, மக்களின் மகிழ்ச்சிக்காக!

யெல்லோஸ்டோன் பூங்காவின் வடக்கு வாயில் அது. 1903-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அடிக்கல் நாட்டினார். வளைவிலுள்ள வாசகமோ அவருடையதன்று. 1872-இல் இயற்றப்பட்ட சட்டத்தில் உள்ளது. "நல்ல வாசகம்" என்றார் நண்பர். நானும் தலையசைத்தேன். இரவு படுத்த பின்னர் அந்த ஒரு சொல் மட்டும் உறங்கவிடவில்லை. மக்கள் என்றால், எந்த மக்கள்?

உடனே குறை கூறத் தொடங்கிவிடுவேன் என்று எண்ணாதீர். பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிட்டுத்தான் மறுபுறம் திரும்புவது முறை. காடு என்பது உலகெங்கும் எவனுடையதாக இருந்தது? மன்னனுடையதாக! மானை எய்தல் மன்னனுக்குப் பொழுதுபோக்கு; அதே மானைப் பசிக்காகக் குடியானவன் எய்தால் குற்றம். இங்கிலாந்தை வென்ற நார்மன் வேந்தர்கள், காட்டுக்கென்றே தனிச் சட்டம் வகுத்துக் குடிகளை வாட்டியதை வரலாறு படித்தோர் அறிவர். அப்படிப்பட்ட உலகில், ஏறத்தாழ ஒன்பதாயிரம் சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சுட்டிக்காட்டி, 'இது எவனுக்கும் விற்பனைக்கன்று, வேந்தனுக்கு வேட்டைக்களமும் அன்று, பொதுமக்களின் பூங்கா' என்று 1872 மார்ச் முதல் நாள் சட்டத்தில் கையொப்பமிட்டார் குடியரசுத் தலைவர் கிராண்ட். அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. காங்கிரசு என்று பெயர் அந்த மன்றத்துக்கு. நம் ஊர்க் காங்கிரசு அன்று, குழம்பவேண்டாம்!

அதற்கு முந்திய ஆண்டு, ஹேடன் என்பவர் தலைமையில் சென்ற ஆய்வுக்குழுவில் தாமஸ் மோரன் என்ற ஓவியரும், வில்லியம் ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் இருந்தனர். அவர்கள் கொண்டுவந்த படங்களே உறுப்பினர்களின் உள்ளத்தைக் கவர்ந்தன என்பர். மோரனின் பேரோவியம் ஒன்றைப் பத்தாயிரம் டாலர் தந்து வாங்கிக்கொண்டது காங்கிரசு. கலைஞனின் தூரிகை சட்டமியற்ற உதவிய கதை, நாடகம் எழுதிப் பிழைக்கும் எனக்கு இனிக்காமல் இருக்குமா? அந்தப் பக்கம் தொடர்வண்டி நிறுவனம் ஒன்று, பயணிகள் பெருகுவர் என்ற கணக்கோடு சட்டத்துக்காக முயன்றதும் உண்மை. தூரிகையும் பணப்பையும் கைகோத்தன; பூங்கா பிறந்தது.

அன்று ஒன்று, இன்று அந்நாட்டில் தேசியப் பூங்கா எனும் பெயர் தாங்கியவை 63. எத்தனை எத்தனை வகை! யெல்லோஸ்டோனில், ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை, சொன்ன சொல் தவறாத மனிதனைப் போல நூறடிக்குமேல் கொதிநீரைப் பீச்சுகிறது 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' எனும் ஊற்று. உலகில் இவ்வாறு பீச்சும் ஊற்றுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு பூங்காவில்தான் உள்ளன. கொலராடோ ஆறு பல இலட்சம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்து அறுத்து, ஒரு மைல் ஆழத்துக்கு, 277 மைல் நீளத்துக்கு வகுத்த பள்ளம் கிராண்ட் கேன்யன். கடல் மட்டத்துக்கும் 282 அடி கீழே கிடந்து தகிக்கும் பாலை, மரணப் பள்ளத்தாக்கு. வானை முட்டும் சிக்குவாயா மரங்கள் ஓரிடம். நானூறு மைலுக்குமேல் நீளும் மாமத் குகை ஓரிடம். புல்லும் நீருமாய், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் கடல் நோக்கி நகரும் எவர்கிளேட்ஸ் சதுப்பு மற்றோரிடம். அலாஸ்காவில் ரேங்கல்-செயின்ட் இலையாஸ் என்றொரு பூங்கா. நம் தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு, அது ஒன்று மட்டும்! 1916-இல் இவற்றையெல்லாம் பேணத் தனித் துறையே அமைத்தனர். அத்துறையின் இடங்களுக்கு 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 33 கோடி வருகைகள் பதிவாயின.

கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டுவிட்டு மேடைக்கு வந்தவன் நான். விடுவதற்குமுன் படித்த புவியியல் நூலொன்றில் அந்தக் கொதிநீர் ஊற்றின் படம் இருந்தது. ஊற்றின் உயரம் இருந்தது, வெப்பம் இருந்தது, ஊற்றெடுக்கும் காரணம் இருந்தது. அங்கே யார் வாழ்ந்தார்கள் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. ஆளில்லாக் காடு என்றே நானும் நம்பினேன். பிற்காலத்தில் மேடைப் பேச்சுக்காகப் புரட்டிய நூல்கள் அந்த நம்பிக்கையைப் பறித்தன.

யோசெமிட்டி என்ற பள்ளத்தாக்குக்கு வாருங்கள். கலிபோர்னியாவில் உள்ளது. இன்று அதைக் காண்போர், செங்குத்தாய் எழும் பாறைகளையும் பஞ்சுபோல் பொழியும் அருவிகளையும் கண்டு வாயடைத்து நிற்கின்றனர். 1849-இல் அம்மாநிலத்தில் பொன் வேட்டை மூண்டது. பொன் தேடிவந்த கூட்டம் மலையடிவாரத்தை மொய்த்தது, அங்கிருந்த தொல்குடிகளின் உணவும் வேட்டையும் அழிந்தன, மோதல் எழுந்தது. 1851-இல் மாரிபோசா படை என்ற பெயரில் ஒரு படை திரட்டப்பட்டு, அவாநீச்சி மக்கள் வாழ்ந்த அந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. குடிசைகளை எரித்தது. குளிர்காலத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த ஓக் மரக் கொட்டைகளையும் எரித்தது. நமக்கு நெல் எதுவோ, அவர்களுக்கு அக்கொட்டை அது. நெற்குதிரை எரித்தவனை நம் நாட்டார் என்னவென்று அழைப்பர்?

அம்மக்களின் தலைவர் டெனாயா; முதியவர். அவருடைய இளைய மகன் படையினர் கையில் சிக்கித் தப்பியோட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டான். கிழவருடைய கூட்டம் மலைமேல் ஏறி, ஓர் ஏரிக்கரையிலே ஒளிந்தது. அங்கேயும் பிடிபட்டது. அப்போது நடந்ததைப் படையோடு சென்ற பன்னல் என்பவரே எழுதிவைத்திருக்கிறார்.

நாடகக்காரன் என்பதால், அந்தக் காட்சியை என் மனமேடையிலே பலமுறை ஏற்றிப் பார்த்தேன். பனி படர்ந்த சிகரங்கள். நடுவே கண்ணாடிபோல் ஏரி. கரையில் தோற்ற கூட்டம். எதிரில் துப்பாக்கி ஏந்திய கூட்டம். பன்னல் கிழவரிடம் வந்து, ஏதோ பரிசு வழங்குவதுபோல, 'இந்த ஏரிக்கு உம் பெயரையே வைத்துவிட்டோம்' என்று தெரிவிக்கிறார். கிழவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், ஏரிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டே என்கிறார். பைவியாக்! மின்னும் பாறைகள் என்று பொருள்படும் பெயர். அதற்கு வந்த விளக்கம் என்ன தெரியுமா? உம்முடைய மக்களை இங்கேதான் பிடித்தோம். இனி அவர்கள் இங்கே வாழ வரப்போவதில்லை. ஆதலால் உம் பெயர்! கிழவரின் முகம் வாடியது. ஒன்றும் பேசாமல் தம் குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்துகொண்டார்.

வசனம் எழுதிப் பார்த்தேன் தோழர்களே, அந்தக் கிழவருக்கு. பக்கம் பக்கமாக எழுதினேன். எதுவும் அவருடைய மௌனத்துக்கு நிகராகவில்லை, கிழித்தெறிந்தேன். இன்றும் அந்த ஏரியின் பெயர் டெனாயா ஏரி. கரையில் நின்று படமெடுத்துக்கொள்வோர் பல்லாயிரவர். நிலத்தைப் பறித்துக்கொண்டு பெயரை மட்டும் திருப்பித் தரும் வித்தையை அங்கே கண்டேன்!

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1864-இல், அடிமை விலங்கொடித்த அதே ஆபிரகாம் லிங்கன், அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயனுக்கென ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுமக்கள்! அப்பட்டியலில் டெனாயாவின் பேரர்கள் இல்லை.

அடுத்த காட்சி மொன்டானா. 1870 சனவரி 23. மரையாஸ் ஆற்றங்கரையில் பிகான் எனும் பிளாக்ஃபீட் குலத்தாரின் முகாம். விடியலில் அமெரிக்கப் படை தாக்கியது. மாண்டவர் 173 பேருக்குக் குறையார். பெண்டிர், குழந்தைகள், முதியோர், அம்மை நோயில் கிடந்தோர் பெரும்பாலோர். அந்தத் தாக்குதலில் முன்நின்ற படை அலுவலர்களுள் ஒருவர் குஸ்டாவஸ் டோன். அதே ஆண்டு, அதே டோன், சில திங்கள் கழித்து, யெல்லோஸ்டோனின் அழகை ஆராயச் சென்ற குழுவுக்குக் காவலாகச் சென்றார். அருவியையும் ஊற்றையும் வியந்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை பூங்கா அமையத் துணைசெய்தது. பனிக்காலத்தில் படுகொலை, இலையுதிர் காலத்தில் இயற்கை வருணனை! நன்றிக்கடனாக ஒரு மலைக்கே அவர் பெயரைச் சூட்டினர். டோன் மலை! நூற்றைம்பது ஆண்டு நிமிர்ந்து நின்றது அந்தப் பெயர்.

யெல்லோஸ்டோனில் ஆண்டு முழுவதும் குடியிருந்தோர் ஷோஷோனி இனத்தின் ஒரு கிளையினர். மலையாட்டை உண்போர் என்று பெயர் பெற்றவர்கள். அங்கே கருங்கண்ணாடிபோல் ஒரு கல் கிடைக்கும். பதினோராயிரம் ஆண்டுகளாக அதைப் பெயர்த்துக் கத்தியும் அம்புமுனையும் செய்திருக்கின்றனர். அந்தக் கல்லில் செய்த கருவிகள், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒஹாயோ பகுதியின் பழம்புதைமேடுகளிலும் கிடைத்திருக்கின்றன. சுரங்கமாய், சந்தையாய், இல்லமாய் இருந்த இடம் அது.

ஆனால் பூங்காவின் மேற்பார்வையாளராக 1877-இல் வந்த நாரிஸ் பரப்பிய கதை என்ன? கொதிநீர் ஊற்றுகளைக் கண்டு தொல்குடிகள் அஞ்சுவர், அதனால் இந்தப் பக்கமே வருவதில்லை என்பது! ஏன் இந்தக் கட்டுக்கதை? அந்த ஆண்டு கோடையிலேதான் நெஸ் பெர்ஸ் மக்கள், தாய்நிலத்திலிருந்து துரத்தப்பட்டு, பெண்டு பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ எண்ணூறு பேராக, படை பின்தொடர, அந்தப் பூங்காவின் ஊடாகவே சென்றனர். சுற்றுலா வந்தோர் சிலரைப் பிடித்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. ஆயிரம் மைலுக்குமேல் ஓடிக் களைத்து, கனடா எல்லைக்கு நாற்பது மைல் இருக்கையில், அக்டோபர் ஐந்தாம் நாள் தலைவர் ஜோசப் சரணடைந்தார். 1904-இல் சாகும்வரை, பிறந்த பள்ளத்தாக்கிலே மீண்டும் குடியேற அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. இந்தச் செய்தி பரவினால் பயணிகள் வருவார்களா? 'ஆள் நடமாட்டமே இல்லாத இடம், அஞ்சாமல் வாரீர்' என்று கூறவேண்டாமா? அஞ்சியவன் வெள்ளையன், அச்சம் ஏற்றப்பட்டதோ தொல்குடியின் தலையில்! ஷோஷோனி மக்களைப் பூங்காவுக்கு வெளியே ஒதுக்கிடங்களுக்குப் போகச் செய்தனர். 1886 முதல் 1918 வரை பூங்காவைக் காத்தது யார் என்கிறீர்? இராணுவம்.

கிளேசியர் பூங்காவின் கதை இன்னும் விந்தை. பனிமலைகள் சூழ்ந்த அந்நிலம் பிளாக்ஃபீட் மக்களுடையது. காட்டெருமை அழிந்து, பசி வாட்டிய காலத்தில், 1895-இல் பதினைந்து இலட்சம் டாலருக்கு மலைப்பகுதியை அரசுக்குத் தர உடன்பட்டனர். உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை: அது அரசின் பொது நிலமாக இருக்கும்வரை அங்கே வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், மரம் வெட்டவும் தங்களுக்கு உரிமை வேண்டும். 1910-இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. 'இப்போது இது பூங்கா. பொது நிலம் அன்று. ஆகவே உரிமையும் இல்லை' என்றனர். மக்களின் பூங்காவாம், பொது நிலம் இல்லையாம்! வழக்குரைஞர்கள் வாய் பிளக்கும் வாதம் இது.

அதோடு முடியவில்லை. தொடர்வண்டி நிறுவனம் அங்கே பெரிய விடுதிகளைக் கட்டியது. வண்டி வந்து நிற்கும்போது, இறகு சூடிய பிளாக்ஃபீட் மக்களை நிலையத்திலே நிறுத்தி வரவேற்கச் செய்தது. விளம்பரத் தாள்களில் அவர்கள் முகத்தை அச்சிட்டது. வேட்டைக்காரனாக உள்ளே வராதே. வேடதாரியாக வந்து நில்! நாங்கள் மேடையிலே வேடம் பூண்கிறோம். ஆட்டம் முடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அவர்களுக்கோ, திரும்ப வீடில்லை, வீடே மேடையாகிவிட்டது.

தொல்குடிகளோடு நின்றதா வெளியேற்றம்? இல்லை. கிழக்கே வர்ஜீனியா மாநிலத்தில் 1935-இல் ஷெனந்தோவா பூங்கா அமைந்தபோது, நூற்றுக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் — வெள்ளை நிறத்தவர்தாம் — மலைச்சரிவிலிருந்து இறக்கப்பட்டன. நகரத்தார் வண்டியோட்டிக் காட்சி காண மலைமுகட்டில் சாலை அமைந்தது. அதே பூங்காவில் கறுப்பினத்தாருக்கென்று தனி முகாம் ஒன்றை 1939-இல் லூயிஸ் மலையில் ஒதுக்கினர். நான்கு சுவருக்குள் தனிக் கிண்ணம், தனி நாற்காலி என்பதை நாம் அறிவோம். மலைக்காற்றிலே தீண்டாமை! 1950-இல்தான் அந்தப் பிரிவினை அங்கே முற்றும் ஒழிந்தது.

இதிலே நெஞ்சை நெகிழவைக்கும் செய்தி ஒன்று உண்டு. சிக்குவாயா பூங்காவுக்கு 1903 கோடையில் பொறுப்பாளராக வந்தவர் சார்லஸ் யங்; 1864-இல் அடிமைக் குடும்பத்தில் பிறந்து, இராணுவக் கல்லூரியில் தேறி, படைத்தலைவரான கறுப்பின வீரர். தேசியப் பூங்கா ஒன்றின் பொறுப்பு ஏற்ற முதல் கறுப்பர். அவரும் அவருடைய கறுப்பினப் படையினரும், ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த சாலைப் பணியை அந்த ஒரே கோடையில் முடித்து, மாமரங்களின் அடிவரை வண்டி செல்ல வழிசெய்தனர். மகிழ்ந்த ஊரார், ஒரு மரத்துக்கு அவர் பெயரைச் சூட்ட விரும்பினர். மறுத்துவிட்டார் யங். இருபது ஆண்டு கழித்தும் இதே எண்ணம் இருந்தால் அப்போது பார்ப்போம் என்று கூறி, கல்வித் தொண்டர் புக்கர் வாஷிங்டனின் பெயரை வைக்கச் சொன்னார். டெனாயா கிழவரை எண்ணிப் பார்க்கிறேன். வேண்டாத பெயரை மறுக்க அவருக்கு வழியில்லை; வந்த பெயரை மறுக்க இவருக்கு மனமிருந்தது.

'எல்லாம் சரி, மக்களை உள்ளே விட்டிருந்தால் காடு மிஞ்சியிருக்குமா?' என்று கேட்பார் உண்டு. நல்ல நெஞ்சத்தோடு கேட்கப்படும் கேள்வி. ஏளனம் செய்து தள்ளிவிடமாட்டேன். ஆனால் கேட்பவரைத் திருப்பிக் கேட்கிறேன்: கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமையைக் கொன்று குவித்தது யார்? தோலுக்காகச் சுட்ட வணிகக் கூட்டம். 1902-இல் யெல்லோஸ்டோனில் எஞ்சியவை இரண்டு டசன்தான். ஓநாயை ஒழித்தது யார்? அரசின் ஊழியர்களே! 1926-இல் கடைசி ஓநாய்களும் வீழ்ந்தன. மான்கள் அளவின்றிப் பெருகி, இளமரங்கள் தழைக்காமல் போயின. தவற்றை உணர்ந்து 1995-இல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். யோசெமிட்டியில் அவாநீச்சி மக்கள் பருவந்தோறும் சிறு தீ மூட்டிப் புல்வெளியையும் ஓக் மரங்களையும் பேணிவந்தார்கள். அந்தத் தோற்றத்தைக் கண்டுதான் 'கடவுள் அமைத்த சோலை' என்று வந்தவர் வியந்தனர். மக்களை விரட்டித் தீயையும் தடைசெய்தார்கள்; புல்வெளியைப் புதர்க்காடு விழுங்கலாயிற்று.

'பூங்காவுக்குள் எதையும் தொடக்கூடாது' என்ற கொள்கையாவது உறுதியாக நின்றதா? யோசெமிட்டிப் பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்று இன்னொரு பள்ளத்தாக்கு, அழகிலே இணையானது. சான்பிரான்சிஸ்கோ நகரம் தண்ணீர் கேட்டது. இயற்கை அறிஞர் ஜான் மூயிர் கதறினார், போராடினார். 1913-இல் சட்டம் நிறைவேறியது, அணை எழுந்தது, பள்ளத்தாக்கு மூழ்கியது. மறு ஆண்டு மூயிர் மறைந்தார். குடிசை நின்றால் இயற்கைக்குக் கேடு, அணை நின்றால் இல்லை. காரணம், கேட்டவன் நகரத்தான். அந்த மூயிரும், காட்டை நேசித்த அளவுக்கு அக்காட்டு மக்களை மதித்தாரில்லை. அவர் தொடங்கிய சியரா சங்கமே 2020-இல் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. யோசெமிட்டியில் கடைசியாக எஞ்சிய தொல்குடிச் சிற்றூரின் வீடுகளை, 1969-இல் தீயணைப்புப் பயிற்சிக்காகக் கொளுத்தினார்கள். பயிற்சிக்கு! 1851-இல் மூட்டிய தீக்கு அது தொடர்ச்சியன்றி வேறென்ன?

இந்த எண்ணம் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1936-இல் வெள்ளையர் ஆட்சியில் ஹெய்லி என்ற ஆளுநரின் பெயரால் இமயமலை அடிவாரத்தில் அமைந்ததே இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா. இன்று கார்பெட் என்று பெயர். வளைவு வரவில்லை, வேலி வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கூனோவில் கிர்க் காட்டுச் சிங்கங்களைக் குடியேற்றப்போவதாகக் கூறி 24 சிற்றூர்களை வெளியேற்றினர். மக்கள் போயினர், சிங்கம் வரவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும் சிங்கங்களைத் தர குசராத்து முன்வரவில்லை. 2022-இல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் பறந்துவந்தன, வானூர்தியில்! அந்த 24 ஊர்களின் மக்கள் எதற்காக எழுந்து போனார்கள் என்பதற்கு இன்று என்ன விடை? காட்டிலே வாழ்வோரின் உரிமைக்காக 2006-இல் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் நல்லது. அதை எழுத்திலிருந்து நிலத்துக்கு இறக்குவதிலேதான் நம் ஆட்சியாளர்கள் அனைவரும் — எம்மவர் உட்படத்தான் சொல்கிறேன் — இன்னும் வேகம் காட்டவேண்டும்.

இவ்வளவையும் கேட்டு, 'ஆகவே பூங்காக்களே வேண்டாம், திறந்துவிடுங்கள்' என்று ஒருவன் எழுவான். யார் அவன் என்று பாருங்கள். ஷோஷோனி மகனாக இருக்கமாட்டான். சுரங்கக்காரனாக, மரவணிகனாக இருப்பான். நம் கண்ணீரை அவன் தன் உரிமத்துக்கு மையாக்கிக்கொள்ள இடம் தரலாகாது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஆட்சி, பூங்காத் துறையில் ஏறத்தாழ ஆயிரம் ஊழியரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது. யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையிலே நாட்டுக்கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஆபத்து ஆபத்து என்று அறிவித்தனர் எதிர்ப்பாளர்கள். நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று. கழிவறை துடைப்பவனும், பாதை செப்பனிடுபவனும், காட்டுத் தீயைக் கண்காணிப்பவனும் இல்லாமல் எந்தப் பூங்கா வாழும்? நான் அந்த ஊழியர் பக்கம். அந்தப் பூங்காவின் பக்கம். அதனாலேதான் கேட்கிறேன், வளைவிலே எழுதிய சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று.

கேட்டுக் கேட்டுத்தான் சில கதவுகள் திறந்திருக்கின்றன. கிராண்ட் கேன்யனில் 518 ஏக்கருக்குள் முடக்கப்பட்ட ஹவசுபாய் மக்கள், 1975-இல் ஏறத்தாழ 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற்றனர். மரணப் பள்ளத்தாக்கில் டிம்பிஷா மக்களுக்கு, 2000-இல் இயற்றிய சட்டத்தால், பூங்காவுக்குள்ளேயே இருப்பிடம் கிடைத்தது. அலாஸ்காவில் 1980-இல் பெரும் பூங்காக்களை அமைத்த சட்டம், உள்ளூர் மக்கள் உணவுக்காக வேட்டையாடும் வழக்கத்துக்கு இடம் வைத்தது. 2021-இல் பூங்காத் துறையை உள்ளடக்கிய உள்துறைக்கு அமைச்சராக, டெப் ஹாலண்டு என்ற தொல்குடிப் பெண்மணி வந்தார். மறு ஆண்டு, அந்த டோன் மலையின் பெயர் நீக்கப்பட்டு, முதல் மக்கள் மலை என்று பெயர் பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்தது, இந்த 63-இல் பலரும் போகாத ஒன்று. பசிபிக் மாகடலின் தெற்கே, அமெரிக்கச் சமோவாத் தீவுகளில் உள்ளது. மழைக்காடும், பவளப்பாறையும், பகலிலும் பறக்கும் பழந்தின்னி வௌவால்களும் நிறைந்தது. 1988-இல் பூங்கா அமைக்கச் சட்டம் இயற்றினார்கள். ஆனால் அங்கே நிலம் ஊர்களுக்குப் பொது, விற்பனைக்கு இல்லை. விற்கமாட்டோம் என்றனர் ஊரார். வல்லரசுதான், அணுகுண்டு வைத்திருக்கும் அரசுதான், என் செய்வது? ஊர்த் தலைவர்களோடு அமர்ந்து பேசினார்கள். 1993-இல் ஐம்பது ஆண்டுக்குக் குத்தகை எழுதப்பட்டது. நிலம் ஊராருடையது, குத்தகைப் பணம் ஊராருக்கு, பழைய முறையில் பயிரிடவும் மீன் பிடிக்கவும் ஊராருக்கு உரிமை.

நண்பரின் மகளுக்கு எழுதியிருக்கிறேன், அடுத்த விடுமுறையில் அங்கே போய்வரும்படி. தொலைவு அதிகம், செலவும் அதிகம் என்று பதில் வந்திருக்கிறது. வளைவின் கீழே நின்று சிரித்தாளே அந்தக் குழந்தை, அவள் வளர்ந்த பிறகாவது போகட்டும். 2043-இல் அந்தக் குத்தகை முடியும். அப்போது அமெரிக்க அரசின் அலுவலர் மறுபடியும் அந்தத் தீவிலே இறங்கி, ஊர்த் தலைவர்களின் முன் அமர்ந்து, 'எங்கள் பூங்கா இங்கே இருக்கலாமா?' என்று கேட்டாகவேண்டும்.